திருப்பதிக்காரர் ஏழு பேரும் வரவில்லை

திருப்பதி
14-3-1995

அன்புள்ள யமுனாக்காவுக்கு,

தங்கை பிரேமலதா எழுதுவது. இங்கே நைனாவின் முட்டி வலியைத் தவிர எல்லோரும் சுகம். அங்கே ரமணாண்ணன், வரலட்சுமி அண்ணி, அண்ணி வயிற்றில் இருக்கும் பிள்ளை எல்லோருடைய சுகத்துக்கும் எழுது.

நாம் இரண்டு பேரும் பரீட்சை எழுதிவிட்டு வந்து இன்றோடு ஒன்பது நாள். உனக்கு ஏதாவது தகவல் வந்ததா? எனக்கு வரவில்லை. வராததுகூடப் பரவாயில்லை. எப்போது வரும், யார் எழுதுவார்கள், எத்தனை பேரை எடுப்பார்கள், ஒன்றுமே சொல்லாமல் சித்தூர்க் கல்யாண மண்டபத்தில் இருநூறு பேரை உட்கார வைத்து, எழுத வைத்து, எழுந்து போகச் சொல்லிவிட்டார்களே, அது என்ன கம்பெனி? விளம்பரத்தில் மதுவனம் எக்ஸ்போர்ட்ஸ், மாம்பழக் கூழ் ஏற்றுமதி, வெளிநாட்டுக் கூட்டு, அலுவலக உதவியாளர் தேவை என்று போட்டிருந்தது. ஒரு உதவியாளரா, பத்து உதவியாளரா? எனக்கு மண்டை வெடிக்கிறது.

பதினேழாவது கேள்வி நினைவிருக்கிறதா? உங்கள் வீட்டில் காலையில் முதலில் எழுந்திருப்பவர் யார் என்று கேட்டிருந்தார்கள். நான் அம்மா என்று எழுதிவிட்டேன். பஸ்ஸில் ஏறினபிறகுதான், நான் என்று எழுதியிருக்க வேண்டுமோ என்று சந்தேகம் வந்தது. நீ என்ன எழுதினாய்?

உனக்குத் தெரியும், திருச்சானூர் லாட்ஜில் எனக்கு ஆனி மாசம் வரைதான் இடம். முதலாளியின் மருமகள் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வரப்போகிறாள். வந்ததும் கவுண்டர் அவளுக்கு. அதற்குள் இந்த வேலை கிடைக்காவிட்டால் நைனாவின் துண்டுக் கடையில் ஸ்டூல் போட்டு உட்கார வேண்டியதுதான். துண்டு விற்பது தப்பில்லை. ஆனால் அதை மடிப்பதற்கா நான் பி.காம் படித்தேன்?

ஏதாவது தெரிந்தால் உடனே எழுது. தெரியாவிட்டாலும் எழுது.

உன் தங்கை,
லதா


சித்தூர்
21-3-1995

அன்பு லதாவுக்கு,

அக்கா யமுனாவின் ஆசி. இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. அண்ணிக்குக் கால் வீக்கம் இருக்கிறது, எட்டாம் மாசம் என்றால் அப்படித்தான் என்கிறாள். சித்தப்பாவின் முட்டிக்கு நல்லெண்ணெய் போதாது, டாக்டரிடம் காட்டச் சொல்.

பதினேழாவது கேள்விக்கு நான் பால்காரர் என்று எழுதினேன். பால்காரர் நம் வீட்டு ஆளா என்று அண்ணி இரண்டு நாளாகச் சிரிக்கிறாள்.

உன் கடிதம் கிடைத்த மறுநாளே கம்பெனிக்குப் போய்ப் பார்த்தேன். ஊருக்கு வெளியே, புதுச் சுவர், பெரிய கேட். உள்ளே போக முடியவில்லை. காவலுக்கு ஒரு பெரியவர், பெயர் சின்னப்பன், சாந்திபுரத்துக்காரர். நம் தமிழ் காதில் விழுந்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"சாரு இல்லம்மா. பெங்களூரு பூட்டாரு."

"எப்ப வருவாரு?"

"அவுருக்கே தெரியாது. போன வாட்டி சோமவாரம் வரேன்னு சொன்னாரு, பதினஞ்சு நாள் ஆச்சு. நான் கேட்டைத் தொறந்து வெச்சிக்கினு குந்தினு இருந்தேன்."

"எத்தினி பேரை எடுக்கப்போறாங்க, தெரியுமா?"

"எனக்கு யாரு சொல்றாங்க? மிஷின் எறக்கிக்கினு கீறாங்க. ஆபீஸ் ரூமுக்கு ஒரு டேபிளு, ஒரு சேரு வந்து கீது. அத்தான் நான் பாத்தது."

ஒரு நாற்காலி, லதா. வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். ஒரு நாற்காலி என்றால் ஒரு ஆள். நமக்குள் ஒளித்துப் பேச என்ன இருக்கிறது? நம்மில் ஒருத்திக்குக் கிடைத்தால் மற்றவளுக்குக் கிடைக்காது.

அண்ணிக்கு இந்தப் பிரசவம் இங்கேயேதான். அவள் அம்மா வந்து தங்க இடம் வேண்டும். இருப்பது இரண்டு அறை, அதில் ஒன்றில் நான். அண்ணன் வாய் திறந்து போ என்று சொல்லமாட்டார். ஆனால் நகரியில் என் நைனா, "தறி எட்டும் ஓடிக்கினு கீது, கணக்குப் பாக்க ஆள் இல்ல, வா" என்று ஆள் மேல் ஆள் சொல்லி அனுப்புகிறார். எனக்கு இருபத்தாறு வயசு. இப்போது நகரிக்குப் போனால் அந்தத் தறிச் சத்தத்தை விட்டு மறுபடி வெளியே வரமாட்டேன் என்று எனக்கே தெரிகிறது.

சின்னம்மாவுக்கு என் வணக்கம்.

யமுனா


திருப்பதி
11-4-1995

அன்புள்ள அக்காவுக்கு,

உன் சுகத்தைக் கேட்டுக்கொண்டு லதா. நான் சுகமாக இல்லை, பயந்துபோய் இருக்கிறேன். சொல்கிறேன் கேள்.

நேற்று மதுவனத்திலிருந்து கவர் வந்தது. நான் எழுத்துப் பரீட்சையில் தேறிவிட்டேனாம், இன்டர்வியூவுக்கு வரவேண்டுமாம். எப்போது தெரியுமா? எட்டாம் தேதி. கவர் வந்தது பத்தாம் தேதி. தபால்காரர் எதிரிலேயே பிரித்து இரண்டு தடவை படித்தேன்.

தெருமுனை எஸ்.டி.டி. பூத் உமாபதி அண்ணனிடம் ஓடிப்போய்க் கடிதத்தில் இருந்த பெங்களூர் நம்பருக்குப் போட்டேன். எடுத்தவுடன் கீ என்று ஒரு கூவல். இரண்டாம் தடவையும் கீ. "அது ஃபேக்ஸும்மா, பேசாது, காகிதம்தான் துன்னும்" என்றார் உமாபதி அண்ணன். அவர் பூத்தில் ஃபேக்ஸ் இல்லை.

உனக்கு இதுபோல் கவர் வந்ததா? வந்திருந்தால் நீ எழுதியிருப்பாய். வராவிட்டாலும் சும்மா இருக்காதே. நேரில் போய்க் கேள். நீ தேறாமல் இருக்க வழியே இல்லை, எங்கோ வழியில் உன் கவர் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு நாற்காலியோ அரை நாற்காலியோ, முதலில் இரண்டு பேரும் உள்ளே போய்ப் பார்ப்போம்.

லதா


சித்தூர்
17-4-1995

அன்பு லதாவுக்கு,

எல்லோரும் நலம். உன் வாய்க்கு ஒரு கிலோ பூதரேகு மிட்டாய் வாங்கிப் போடவேண்டும்.

நேரில் போனேன். சின்னப்பன் தாத்தா தன் சாப்பாட்டுப் பையைத் திறந்து, டிபன் டப்பாவுக்கு அடியிலிருந்து கவர் கட்டு ஒன்றை எடுத்தார். அதில் என் கவரும் இருந்தது. சார் ஊருக்குப் போகும்போது தபாலில் போடச் சொல்லிக் கொடுத்ததாம்.

"கேட்டை வுட்டுட்டு நான் எங்க டவுனுக்குப் போறது? லாரிக்காரன் யாராவது வந்தா ரெண்டு மூணு குடுத்தனுப்பிக்கினு கீறேன்" என்றார். அவர்மேல் கோபப்படக்கூட முடியவில்லை. கட்டு முழுவதையும் வாங்கிக்கொண்டு போய் நானே தபால்பெட்டியில் போட்டேன்.

எட்டாம் தேதி இன்டர்வியூ நடக்கவே இல்லையாம். சாரும் வரவில்லை. கவர் கிடைத்தவர்கள் இரண்டு பேர் வந்து, மத்தியானம் வரைக்கும் கேட்டில் நின்றுவிட்டுப் போயிருக்கிறார்கள். மறுபடி மே மாசம் இருக்கும் என்கிறார் தாத்தா. தேதி கேட்டால் மேலே வானத்தைக் காட்டுகிறார்.

நீ எழுதாமல் இருந்திருந்தால் என் கவர் அந்தப் பையிலேயே கிடந்திருக்கும். இதை நான் மறக்கமாட்டேன்.

யமுனா


திருப்பதி
2-5-1995

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்பதற்குள் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். இந்தத் தடவை கவர் காலாகாலத்தில் வந்தது. மே பன்னிரண்டு, வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி. உனக்கும் வந்திருக்கும்.

ஒன்பதாம் தேதி இங்கே கங்கம்மா ஜாத்திரைக்குச் சாட்டு.

நீ நகரியில் வளர்ந்தவள், உனக்கு இது அவ்வளவாகத் தெரியாது. தண்டோரா போட்டுச் சாட்டு ஆகிவிட்டால் ஜாத்திரை முடியும்வரை ஒரு வாரம் ஊர்க்காரர்கள் எல்லை தாண்டக்கூடாது. வெளியூர்க்காரர்கள் இங்கே ராத்திரி தங்கக்கூடாது. இப்போதெல்லாம் தாண்டுகிறவர்களும் உண்டு, ஆனால் எங்கள் தெரு கோயிலுக்குப் பின்தெரு. அதோடு அம்மாவின் பெயரே கங்கம்மா, வேண்டிக்கொண்டு வைத்த பெயர். திருச்சானூர் லாட்ஜுக்குக்கூட அந்த ஒரு வாரம் போகவேண்டாம் என்கிறாள். எல்லை எங்கே இருக்கிறது என்று கேட்டால் அவளுக்கும் தெரியாது.

"போன வருசம் பொன்னியம்மாள் மவன் தாண்டிப் போனான். கால் ஒடிஞ்சிது" என்றாள்.

"அவன் கால் ஒடிஞ்சது பங்குனி மாசம்மா."

"தாண்டணும்னு அப்பவே நெனச்சிக்கினு இருந்திருப்பான்."

சத்தம் போட்டிருந்தால் நானும் சத்தம் போட்டுவிட்டுப் போயிருப்பேன், அக்கா. அவள் அழுதுவிட்டாள். நைனாவின் முட்டியைக் காட்டி, "அந்த மனுசன் நடக்கறதே அம்மன் தயவுல" என்றாள். இப்போதைக்குச் சரி என்றுவிட்டேன்.

வேறு தேதி கேட்டு எழுதலாம். ஆனால் எந்த விலாசத்துக்கு எழுதினாலும் அது சின்னப்பன் தாத்தா பைக்குள்தானே போகும்? நீ ஒரு யோசனை சொல். நீ நேரில் வந்து அம்மாவிடம் பேசினாலும் சரி. சாட்டுக்கு முன்னால் வா, பிறகு வந்தால் பொழுது சாய்வதற்குள் பஸ் ஏற்றிவிடுவாள்.

லதா


திருப்பதி
8-5-1995

அக்காவுக்கு,

உன் பதிலுக்குப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அண்ணிக்கு ஏதாவது முடியவில்லையா? அதனால்தான் எழுதவில்லை என்று நினைக்கிறேன்.

உமாபதி அண்ணன் இன்று ஒரு வேலையாகச் சித்தூர் வருகிறார், சாட்டுக்குள் திரும்பிவிடுவார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூட இருக்கும் வெள்ளைக் கவரில் கம்பெனிக்கு ஒரு கடிதம். ஜாத்திரை வழக்கத்தை எழுதி, வர மனசிருக்கிறது, பதினெட்டாம் தேதிக்குமேல் எந்த நாள் கூப்பிட்டாலும் வருகிறேன் என்று எழுதியிருக்கிறேன். இங்கிலீஷ் வாத்தியாரிடம் காட்டித் திருத்திக்கொண்டேன்.

நீ இன்டர்வியூவுக்கு உள்ளே போகும்போது சார் கையிலேயே கொடுத்துவிடு. வேறு யாரிடமும் கொடுக்காதே. உன்னை நம்பித்தான் இருக்கிறேன் என்று எழுதக்கூட வேண்டியதில்லை.

நீ நன்றாகச் செய்வாய். அந்த மாம்பழ நிறப் புடவையைக் கட்டிக்கொண்டு போ.

லதா


சித்தூர்
15-5-1995

அன்பு லதாவுக்கு,

இங்கே நலம். அங்கே ஜாத்திரை நன்றாக நடக்கும் என்று நம்புகிறேன்.

இன்டர்வியூ நடந்தது. பத்து மணிக்கு என்று போட்டிருந்தார்கள், கிருஷ்ணப்பா சார் பெங்களூரிலிருந்து வந்து இறங்கினபோது பன்னிரண்டே முக்கால். எங்கே உட்காருவது என்று சொல்ல ஆள் இல்லை. கூடத்தில் பன்னிரண்டு வாடகை நாற்காலி போட்டிருந்தார்கள். ஐந்து பேர்தான் வந்தோம். திருப்பதிக்காரர் ஏழு பேரும் வரவில்லை.

அந்தக் கூடத்து ஃபேனைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். புது ஃபேன்தான், இறக்கையில் சுற்றிவந்த பிளாஸ்டிக் தாளைக்கூட இன்னும் கிழிக்கவில்லை. சுற்றும்போது அந்தத் தாள் படபடவென்று அடித்துக்கொள்கிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு டக். நின்றுவிடும் போல இருக்கும், நிற்காது. சார் மேலே பார்ப்பார், நாங்களும் மேலே பார்ப்போம். யாரும் எழுந்து நிறுத்தவில்லை. நிறுத்தினால் வேர்க்கும், விட்டால் சத்தம். கடைசிவரைக்கும் அது அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

என்னிடம் டைப்பிங் கேட்டார், தெலுங்கில் ஒரு கடிதம் எழுதச் சொன்னார், சாப்பிட்டாயா என்று கேட்டார். அது கேள்வியா விசாரிப்பா என்று இன்னும் தெரியவில்லை. இல்லை சார் என்றேன். முடிவு எப்போது என்று கேட்டதற்கு, தெரியவரும் என்றார்.

தலை வலிக்கிறது. மற்றவை பிறகு.

யமுனா


திருப்பதி
20-5-1995

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தலைவலி போய்விட்டதா? இங்கே ஜாத்திரை முடிந்தது. நைனா இந்த வயசில் வேஷம் கட்டுவேன் என்று அடம்பிடித்து, முட்டியோடு தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தார். அம்மாவுக்குப் பரம திருப்தி.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஃபேனைப் பற்றி எட்டு வரி இருக்கிறது. என் கடிதத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

கொடுத்தாயா? அவர் பிரித்துப் படித்தாரா? என்ன சொன்னார்? திருப்பதிக்காரர்கள் ஏன் வரவில்லை என்று அவர் யாரையும் கேட்கவே இல்லையா?

நான் எப்போதும் இப்படித்தான் துருவித் துருவிக் கேட்பேன், உனக்குத் தெரியும்.

லதா


சித்தூர்
7-6-1995

அன்பு லதாவுக்கு,

எல்லோரும் நலம். அண்ணிக்கு ஆண் குழந்தை, மே இருபத்தாறாம் தேதி. அதனால்தான் எழுதக் கை ஒழியவில்லை.

எனக்கு வேலை உத்தரவு வந்துவிட்டது. திங்கட்கிழமை, பன்னிரண்டாம் தேதி சேர வேண்டும். உனக்கு எழுதாமல் இருக்கக்கூடாது என்று எழுதுகிறேன்.

நீ கேட்டதற்கெல்லாம் நேரில் சொல்கிறேன்.

யமுனா


திருப்பதி
14-6-1995

அக்காவுக்கு,

குழந்தைக்கு என் முத்தம். உனக்கு வேலை கிடைத்ததில் அம்மாவுக்கும் நைனாவுக்கும் ரொம்ப சந்தோஷம். அம்மா உன் பேரில் அம்மனுக்குத் தேங்காய் உடைத்தாள்.

லாட்ஜ் மருமகள் வந்துவிட்டாள். நான் திங்கட்கிழமையிலிருந்து துண்டுக் கடையில்.

நேரில் என்றால் எப்போது?

லதா


சித்தூர்
25-6-1995

லதா,

நலம் விசாரித்து ஆரம்பிக்க இன்றைக்கு எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நேரில் சொல்லவும் தைரியம் இல்லை. எழுதிவிடுகிறேன்.

உன் கவரை நான் கொடுக்கவில்லை.

அன்றைக்கு அது என் கைப்பையில், சர்ட்டிபிகேட்டுகளுக்கு அடியில் இருந்தது. கொடுக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டு நான் வீட்டைவிட்டுக் கிளம்பவில்லை, இதை நீ நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி. கூடத்தில் ஏழு நாற்காலி காலியாகக் கிடந்தது. கிருஷ்ணப்பா சார் பட்டியலைப் பார்த்துவிட்டு எங்களைக் கேட்டார். "திருப்பதியிலிருந்து ஒருத்தர்கூட வரவில்லையே, ஏன்? உங்களில் யாருக்காவது தெரியுமா?" அவர் பெங்களூர்க்காரர், அவருக்கு எப்படித் தெரியும்? எங்கள் ஐந்து பேருக்கும் தெரியும். ஐந்து பேரும் தலையைத் தூக்கி ஃபேனைப் பார்த்தோம். நான்தான் எல்லோரையும்விட அதிக நேரம் பார்த்தேன். உனக்கு எட்டு வரி எழுத வந்தது அதனால்தான்.

ஒரு நாற்காலி என்பதே என் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது. நகரித் தறிச் சத்தம் காதிலேயே கேட்டது. மே மாசம் உன் முதல் கடிதத்துக்கு நான் பதில் போடாததற்கும் அண்ணி காரணமில்லை. நீ வராவிட்டால் நல்லது என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்போடு உனக்கு என்ன யோசனை சொல்வது என்று தெரியாமல் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

வேலையில் சேர்ந்த மூன்றாம் நாள் பீரோவை ஒழுங்குபண்ணச் சொன்னார்கள். தேர்வு பைலைப் பிரித்தேன். முதல் தாளிலேயே இருக்கிறது. பணியிடங்கள்: இரண்டு.

இரண்டு, லதா. முதலிலிருந்தே இரண்டு. ஒருத்தருக்கும் சொல்லவில்லை. இரண்டாவது நாற்காலி லாரியிலிருந்து இறக்கும்போது கால் முறிந்து ரிப்பேருக்குப் போயிருந்ததாம். இதைக் கேட்டதும் நான் சின்னப்பன் தாத்தாவிடம் சண்டைக்குப் போனேன். "வந்து கீறது எத்தினின்னு கேட்ட, சொன்னேன். ஒடஞ்சது எத்தினின்னு நீ கேக்கலியே?" என்றார்.

எழுத்துப் பரீட்சையில் நீ முதலாவது. நான் நான்காவது. உன் பெயருக்கு எதிரில் சாருடைய பச்சை மையில் எழுதியிருக்கிறது: "13-5. போனில் பேசினேன். காரணம் சொல்லவில்லை."

பதின்மூன்றாம் தேதியே உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே இருபதாம் தேதி, கொடுத்தாயா என்று கேட்டு எழுதியிருக்கிறாய். தெரிந்துகொண்டே உங்கள் வீட்டில் எனக்காகத் தேங்காய் உடைத்திருக்கிறார்கள்.

இங்கே எனக்கு ஒரு ரப்பர் ஸ்டாம்பும் ஒரு தபால் பதிவேடும் கொடுத்திருக்கிறார்கள். வரும் கடிதத்துக்கெல்லாம் ஸ்டாம்பு குத்தி நம்பர் போட்டு, சார் மேஜையில் வைக்க வேண்டும். இத்தனை நாள் யாரும் செய்யவில்லை, பதிவேடு புதுசாக இருந்தது. வியாழக்கிழமை சார் வந்தார். உன் கவரை எடுத்து ஸ்டாம்பு குத்தி, நம்பர் ஒன்று என்று போட்டு, அவர் முன்னால் வைத்தேன். "இது மே பன்னிரண்டாம் தேதி என்னிடம் இருந்தது சார். நான்தான் கொடுக்கவில்லை. இவள் என் சின்னம்மா மகள்" என்றேன்.

அவர் இரண்டு தடவை படித்தார். என்னைத் திட்டுவார் என்று பார்த்தால், "ஏழு பேரும் இதனாலா?" என்று கேட்டார். அவருக்கு ஒன்றரை மாசமாக இது புரியவில்லையாம். திருப்பதியில் நம் கம்பெனிக்குக் கெட்ட பெயர் என்று பெங்களூருக்கு ரிப்போர்ட்டே எழுதிவிட்டாராம். பிறகு அரை மணி நேரம் ஜாத்திரையைப் பற்றிக் கேட்டார். சாட்டு என்றால் என்ன, எல்லை எங்கே, யார் காவல், பஸ் ஓடுமா. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கடைசியில், "இரண்டாவது இடம் காலியாகத்தான் இருக்கிறது. ஏழு பேருக்கும் கடிதம் போடு" என்றார். என் வேலை என்ன ஆகும் என்று கேட்டேன். "அது அப்புறம்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். அப்புறம் என்றால் எப்போது, அதையும் சொல்லவில்லை.

கடிதத்தைத் தெலுங்கில் நானே எழுதி ஏழு கவரையும் நானே தபாலில் போட்டேன். உன்னுடையதற்கு மட்டும் தமிழில் ஒரு நகல் இங்கே.

"எண் 1. தங்கள் கடிதம் 22-6-95 அன்று எங்கள் அலுவலகத்தில் பெறப்பட்டது. அது தாமதமானதில் தங்கள் தவறு ஏதுமில்லை. நேர்முகத் தேர்வு ஜூலை 10, திங்கட்கிழமை, காலை பத்து மணி. அதிகாரி வரத் தாமதமானால் காரணம் அங்கேயே சொல்லப்படும். காலியிடம் ஒன்று. வருபவர்கள் ஏழு பேர். சித்தூர் பஸ் நிலையத்தில் இறங்கி ஷேர் ஆட்டோவில் வரலாம். கேட்டில் சின்னப்பன் என்பவர் உள்ளே அழைத்து வருவார். உட்கார இடமும் குடிக்கத் தண்ணீரும் உண்டு. சர்ட்டிபிகேட்டுகளை ஒருமுறை காட்டினால் போதும். தேர்வானாலும் ஆகாவிட்டாலும் ஆடி பிறப்பதற்குள் கடிதம் வரும். அந்த நாளில் தங்கள் ஊரில் திருவிழாவோ வேறு தடையோ இருந்தால் எழுதவும், வேறு நாள் தரப்படும்."

மன்னிப்புக் கேட்கத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை. கேட்கிறேன்.

யமுனா


திருப்பதி
1-7-1995

யமுனாக்காவுக்கு,

லதா எழுதுவது. நான் சுகம். நைனாவை டாக்டரிடம் காட்டினோம், முட்டியில் நீர் கோத்திருக்கிறதாம்.

உன் கடிதமும் கம்பெனிக் கடிதமும் ஒரே நாளில் வந்தன. மேலே நம்பர் போட்ட ஒரு பதில் அந்தக் கம்பெனியிலிருந்து எனக்கு வந்தது இதுதான் முதல் தடவை.

பதின்மூன்றாம் தேதி என்ன நடந்தது என்று நீயும் தெரிந்துகொள். விண்ணப்பத்தில் பூத் நம்பரைக் கொடுத்திருந்தேன். உமாபதி அண்ணன் ஓடிவந்து கூப்பிட்டார். சார் தெலுங்கில், கனிவாகத்தான் கேட்டார். "வரமுடியாது என்று ஒரு கடிதமாவது அனுப்பியிருக்கலாமே அம்மா, ஏன் அனுப்பவில்லை?" அந்த ஒரு கேள்வியில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அனுப்பினேன் என்றால், யாரிடம் என்று கேட்பார். அவர் ஹலோ ஹலோ என்றுகொண்டே இருந்தார், நான் போனை வைத்துவிட்டேன்.

உன்னைக் காப்பாற்றினேன் என்று நினைக்காதே. அவ்வளவு நல்லவள் இல்லை நான். நாக்கு எழவில்லை, அவ்வளவுதான். பூத்துக்குள்ளேயே நின்று அழுதேன். யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து உமாபதி அண்ணன் சோடா உடைத்துக்கொண்டு வந்தார்.

அதன்பிறகு நான் கேட்டதெல்லாம், நீயாகச் சொல்கிறாயா பார்க்கலாம் என்றுதான். சொல்லமாட்டாய் என்று முடிவுகட்டிவிட்டேன். அதற்குள் சொல்லிவிட்டாய். கோபம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது, மறைக்கமாட்டேன். துண்டு மடிக்கும்போதெல்லாம் வருகிறது.

பத்தாம் தேதி வருகிறேன். கிடைத்தால், ரிப்பேர் பண்ணின அந்த நாற்காலியைப் போட்டு உன் பக்கத்தில் உட்கார வேண்டும். ஒரே அறையில் நாள் முழுக்க நாம் என்ன பேசிக்கொள்வோம் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். எனக்கே தெரியவில்லை. உன் வேலை நிற்குமா போகுமா என்றும் தெரியவில்லை. அந்த சாரிடம் நான் கேட்கவேண்டிய கேள்விகளில் அதையும் சேர்த்து வைத்திருக்கிறேன்.

அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் போவதில்லை.

ஒன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை இங்கே வா. திங்கட்கிழமை காலை ஆறரை பஸ்ஸில் இரண்டு பேரும் சேர்ந்து போகலாம். ஜாத்திரை முடிந்து ரொம்ப நாளாகிவிட்டது. வெளியூர்க்காரர்கள் ராத்திரி தங்கலாம்.

உன் தங்கை,
லதா